இருநூற்றுப் பன்னிரண்டாம் இடம்

மணல்குடி மூச்சு நிலையத்தின் மையக் கணினி ஆண்டுக்கு நாலைந்து முறை செத்துப் பிழைக்கும். மின்சாரம் தடுமாறும், அல்லது உள்ளே ஏதாவது சிக்கிக்கொள்ளும். திரை கறுத்துப்போய் முதலிலிருந்து எழும். எழுந்து நினைவு முழுவதும் திரும்ப ஐந்தே முக்கால் நிமிடம். அந்த ஐந்தே முக்கால் நிமிடத்தை நினைத்துத்தான் செண்பகவல்லி பதினான்கு மாதமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கடற்கரை ஊர்களில் ஒரு காய்ச்சல் வந்தது. பிறகு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்தது. பிழைத்தவர்களில் சிலருக்கு மூச்சை இழுக்கும் நரம்பு மட்டும் திரும்பவில்லை. மூச்சு முட்டுகிறது என்று உடம்பு கூச்சலிடும் அந்த உணர்வும் அத்தோடு போயிற்று. அவர்களுக்கு விலாவின் அடியில் நாணயம் அளவில் ஒரு கருவி வைத்துத் தைத்தார்கள். ஊர் அதை மிஷின் என்றது. அரசு வாங்கியது விலை குறைந்த ரகம், சொந்த மூளை இல்லாதது. எப்போது இழு, எப்போது விடு என்று நிலையத்துக் கணினிதான் பதினான்கு கோபுரங்கள் வழியாக ஒவ்வொரு மிஷினுக்கும் சொல்ல வேண்டும். சொல் வராமல் போனால் மிஷின் தொண்ணூறு வினாடி தானாகத் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு பக்கத்தில் இருக்கிறவர் முகத்தில் ரப்பர் பம்பை வைத்து அமுக்க வேண்டும்.

செண்பகவல்லி அந்த நிலையத்தில் கணினிப் பொறியாளர். அவள் கணவன் பேச்சிமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது பதினான்கு மாதங்களுக்கு முன். அவன் கபடிப் போட்டிகளில் மைக் பிடிக்கிறவன். சுற்றுவட்டாரத்தில் அவன் குரல் இல்லாமல் எந்த ஊரிலும் கோடு போட்டதில்லை. இப்போது மிஷின் விடும் மூச்சில்தான் பேச முடியும். ஒரு மூச்சுக்கு நாலு சொல்.

கருவி வைத்த முதல் வாரத்தில், ரப்பர் பம்பை மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்.

“அறுநூத்திப் பதினோரு பேரு. ஒரே கம்ப்யூட்டரு. சிலருக்கு மட்டும் என்னட்டி தனிக் கவனிப்பு?”

“கவனிப்பு இல்லீங்க. அது எந்திரிக்கும்போது அதுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. யாரு எங்க இருக்காவன்னு மொதல்ல ஒரு படம் வரையணும். நம்ம மினி பஸ்ஸ நெனச்சுக்கோங்க. கண்டக்டர் ஏறி, எண்ணி, ஒவ்வொருத்தரா இடம் பாத்து உக்கார வைக்காரு. அதுக்குத்தான் அஞ்சே முக்கா நிமிசம். ஆனா சில சீட்டுக்கு மேல பஸ் கட்டும்போதே பெயின்ட்டுல எழுதியிருக்கும்லா? அந்தச் சீட்டுக்கு கண்டக்டர் வேண்டாம்.”

“கம்ப்யூட்டருக்குள்ள யாரு பெயின்ட் அடிச்சது?”

“அதக் கட்டுனவங்கதான். படம் வரையறதுக்கு முன்னாலயே அதுக்குக் கடிகாரம் வேணும், திரை வேணும். அதுக்காகச் சில முகவரிய நெரந்தரமா ஒதுக்கி வச்சிருப்பாவ. அப்படி ஒதுக்குனதுல நானூத்தி நாப்பத்தெட்டு இடம் நோயாளிகளுக்குன்னு வச்சிட்டாவ. அதுல இருக்கவங்கள எந்திரிச்ச ரெண்டு செகண்டுல கண்டுபிடிச்சிரும். பம்பே தேவையில்ல.”

“மத்த நூத்தி அறுவத்து மூணு பேரு?”

“கண்டக்டருக்குக் காத்திருக்கணும்.”

“இன்னும் கொஞ்சம் பெயின்ட் அடிக்கலாம்லா. டப்பா தீந்துட்டா?”

“ஒரு சீட்டு கூட்டணும்னா பஸ்ஸையே பிரிச்சுக் கட்டணும். கட்டுனா மறுபடி சான்றிதழ் வாங்கணும். ரெண்டு வருசம்.”

அவன் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தான். “அப்ப ஒருத்தன் எறங்குனாத்தான் எனக்குச் சீட்டு.”

“எறங்க மாட்டாவளே.”

“தெரியும்ட்டி. சாவணும்.”

நிலையத்தில் அப்படி ஓர் இடம் காலியானால் நடப்பது இதுதான். ஒருவர் இறந்த தகவல் வந்ததும் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளின் மிஷின் எண் அந்த இடத்தில் தானாகவே பதிவாகிவிடும். ஆனால் அந்த வீட்டுக்கு உடனே சொல்ல மாட்டார்கள். பொறியாளர் அறையில் ஒரு பலகை தொங்கியது. கறுப்பு மையில் இரண்டே சொல்: ‘பதினாறு முடியட்டும்.’ இறந்தவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இன்னொரு வீட்டில் இனிப்பு கொடுக்கக் கூடாது. யார் தொடங்கிய வழக்கம் என்று புதியவர்கள் கேட்டால், முன்பிருந்த அணைந்தபெருமாள் சார் என்பார்கள். விதிப்புத்தகத்தில் இது இல்லை. ஆனாலும் எட்டு ஆண்டுகளாக ஒருவரும் மீறியதில்லை.

செண்பகவல்லிக்கும் அது நல்ல வழக்கமாகத்தான் பட்டது, அவள் வீட்டுக்குப் பம்பு வரும்வரை. அதற்குப் பிறகு அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், எங்கோ ஒரு வீட்டில் இனித் தேவையில்லாத பம்பைக் கட்டிக்கொண்டு பதினாறு நாள் யாரோ கண் விழித்துக் கிடக்கிறார்களே என்று தோன்றும்.

சித்திரை மாதம் மிக்கேல் பர்னாந்து இறந்தார். படகு இன்ஜின் மெக்கானிக், எழுபத்தோரு வயது, மாரடைப்பு. அவருடையது இருநூற்றுப் பன்னிரண்டாம் இடம். மறுநாள் காலை செண்பகவல்லி திரையில் பார்த்தபோது இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நேராகத் தன் கணவனின் மிஷின் எண் இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். இருந்தது.

நான்கு நாள் சொல்லாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நாத்தனார் பூரணத்தின் குரல் கேட்டது. பகல் நேரத்தில் அண்ணனுக்குக் காவல் இருப்பவள் அவள்தான்.

“மதினி, தப்பா எடுத்துக்காதிய. அடுத்த வாரம் என்னால வர முடியாது. அங்க மாமியாளுக்கு ஒரு காலு சாக்கடையில விழுந்து முறிஞ்சு கெடக்கு. நா ஒரு ஆளு எத்தன எடத்துல நிக்க?”

“ஆலங்கிணறு போட்டியும் போச்சு,” என்றான் பேச்சிமுத்து. “பம்புக்காரியோட மேடைக்கு வராதன்னுட்டான். கமிட்டிக்காரன். சனங்க பயப்படுமாம். நா என்ன கல்யாணப் பொண்ணா, பக்கத்துலயே தோழி உக்காந்திருக்க?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். மிஷின் இடம் கொடுத்த அளவுக்குத்தான் சிரிப்பும் வந்தது.

செண்பகவல்லி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “போயிட்டு வாங்க,” என்றாள். “பம்பு வேண்டாம். உங்க பேரு ஏறிட்டு.”

பூரணம் “யம்மா” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சிமுத்து சந்தோஷப்படவில்லை.

“யாரு எறங்குனது?”

“மிக்கேல் பர்னாந்துன்னு ஒருத்தரு. போட் மெக்கானிக்.”

“எனக்குத் தெரியும் அவர. போன வருசம் கோப்பை குடுத்தாருல்லா. பதினாறு ஆவலையேட்டி?”

“அவரு கிறிஸ்தவரு, அவங்களுக்கு ஏதுங்க பதினாறு? முப்பதுதான். முப்பது நாளா காத்திருப்போம்? பேரு எழுதியாச்சு. என் கண்ணால பாத்தேன். சொல்லத்தான் நாளு பாக்காவ. கம்ப்யூட்டருக்கு எழவு தெரியுமா, தீட்டு தெரியுமா?”

அவன் பம்பை எடுத்துத் துடைத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதைப் பீரோவின் உச்சியில் வைத்தாள். அன்று ஏழு மணி நேரம் தூங்கினாள். தூங்கி எழுந்தபோது உடம்பு தன்னுடையது போலவே இல்லை.

ஆலங்கிணறு போட்டி மிக்கேல் பர்னாந்து இறந்த ஒன்பதாம் நாள் நடந்தது. பிற்பகல் நாலு நாற்பதுக்கு நிலையத்தில் விளக்குகள் ஒரு முறை இமைத்தன. திரை கறுத்தது.

“போச்சு,” என்றான் ஜெயசீலன். அவளுக்கு அடுத்த மேசை, அவளைவிட எட்டு வயது இளையவன். “அக்கா, வீட்டுக்குப் போன் போடலியா?”

இதற்கு முன் ஒவ்வொரு முறையும் திரை கறுத்த நொடியில் போனை எடுத்திருப்பாள். இன்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். “பொறு, பாப்போம்.”

இரண்டு வினாடியில் நிரந்தர இடங்கள் வரிசையாக எழுந்தன. நானூற்று நாற்பத்தெட்டும் பச்சை. அவள் விரல் இருநூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது. பச்சை. பக்கத்தில் சிறிய எழுத்தில்: மூச்சு சென்றது, பதில் வந்தது. மூச்சு சென்றது, பதில் வந்தது.

“பாத்தியா?” என்றாள்.

“எனக்கே கண்ணு கலங்குதுக்கா. டீ சொல்லவா?”

டீ வந்தது. ஐந்தே முக்கால் நிமிடமும் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். பதினான்கு மாதத்தில் அவள் சூடாகக் குடித்த முதல் டீ. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பூரணம் கூப்பிட்டாள். பேசவில்லை, கத்தினாள்.

மைதானத்தில் நடந்ததைப் பின்னால் பலர் பல விதமாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட பகுதி இது. பேச்சிமுத்துவிடம் ஒரு பழைய வித்தை உண்டு. ஆட்டம் ஒரு புள்ளியில் தொங்கும்போது, கபடி பாடப் போகிறவன் கோட்டைத் தாண்டியதும் வலது கையை மேலே தூக்கிப் பேச்சை நிறுத்திவிடுவான். பாடுகிறவனோடு சேர்ந்து தானும் மூச்சடக்குவான். மைதானமே அடங்கும். அவன் கை இறங்கும்வரை ஒரு குழந்தைகூட இருமாது. காய்ச்சலுக்கு முன் ஆலங்கிணறுக்காரர்கள் அதற்காகவே வருவார்கள்.

அன்றும் கடைசி ஆட்டம் ஒரு புள்ளியில் தொங்கியது. உள்ளூர்ப் பையன் கோட்டைத் தாண்டினான். பேச்சிமுத்துவின் குரல் நின்றது. கை மேலே போனது. வித்தை திரும்பி வந்துவிட்டது என்று கூட்டம் சிலிர்த்து அடங்கியது. பையன் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். கை இறங்கவில்லை. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே அவன் மற்றக் கை மேசையைத் தட்டியதையும், அதற்குப் பிறகு முகம் நிறம் மாறியதையும் முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் மறுபடி மைக் பிடிப்பதைப் பார்க்க அரை நாள் ஓடி வந்திருந்த பூரணம் நாற்பதடி தள்ளிப் பெண்கள் பக்கத்தில் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பம்பு பீரோவின் மேல் இருந்தது.

மிஷின் மறுபடி இழுக்கத் தொடங்குமுன் இதயம் நின்றுவிட்டது, ஆனால் அவன் மூச்சுக்காகத் தவிக்கவில்லை என்று மருத்துவர் சொன்னார். இந்த நோயில் தவிப்பு இருக்காதாம். அதை ஆறுதலாகச் சொன்னார்.

எரிப்பதற்கு முன் பிணவறையில் மிஷினை வெட்டி எடுத்துவிடுவார்கள், தீயில் வெடிக்கும் என்பதால். அதைக் கழுவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மூடியில் ‘நிலையத்தின் சொத்து, திருப்பி ஒப்படைக்கவும்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

ஜெயசீலன் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

“உள்ள வா.”

“அக்கா, கண்டுபிடிச்சிட்டேன். சொல்லவா, வேண்டாமா?”

“சொல்லு.”

“நம்ம கம்ப்யூட்டர் பட்டியல்ல மாத்துனா அது மாறிருச்சுன்னு நெனச்சோம்லா. கோபுரங்க ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு நகல் வச்சிருக்கு. இருநூத்திப் பன்னெண்டுன்னா யாருன்னு. வேகத்துக்காக. அத வேற பிரிவு பாக்கு, நம்மகிட்ட யாரும் சொல்லல. ஒரு நாளைக்கு ஒரு கோபுரந்தான் நகலப் புதுப்பிக்கும். பதினாலு கோபுரம், பதினாலு நாளு. மத்த நேரத்துல நம்ம கம்ப்யூட்டர் மிஷின் நம்பரையே முழுசாச் சொல்லிரும், அதனால வித்தியாசம் தெரியாது. எந்திரிக்கிற அந்த அஞ்சே முக்கா நிமிசம் மட்டும் வெறும் இடத்து நம்பர்தான் போவும். ஆலங்கிணறு பதினோராம் கோபுரம். அதோட முறை வர இன்னும் மூணு நாளு இருந்துது.”

“சரி. அதுகிட்ட பழைய நம்பர் இருந்திருக்கு. அப்ப செவப்புல்லா காட்டணும்? செத்தவரு மிஷின் எப்படிப் பதில் சொல்லும்?”

ஜெயசீலன் தரையைப் பார்த்தான். “மத்தவங்கன்னா எரிக்கும்போது எடுத்துருவாவ. இவரப் பொதச்சாங்க. எடுக்கல. பேட்டரி இன்னும் ஆறு வருசம் வரும். கல்லறைத் தோட்டமும் பதினோராம் கோபுரத்துக்குள்ளதான். மீட்டர எடுத்துட்டுப் போயி மண்ணு மேல வச்சு, அன்னைக்கு மிஷினுக்கு வந்த மூச்சுக் கணக்கப் படிச்சேன்.”

“எத்தன?”

“எண்பத்தாறு மூச்சுக்கா. ஒண்ணுகூடத் தப்பல.”

“நா டீ குடிச்சேன்லா,” என்றாள் அவள்.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு முதலில் செய்தது, முடிவு தெரியும்வரை இருநூற்றுப் பன்னிரண்டாம் இடத்தை யாரும் தொடக் கூடாது என்று முடக்கியது. பழைய பதிவுகளைத் தோண்டியபோது இன்னொன்று தெரிந்தது. எட்டு ஆண்டுகளில் பதினொரு முறை இப்படி மூச்சு தவறான இடத்துக்குப் போயிருக்கிறது. பதினொரு முறையும் யாரும் சாகவில்லை. அந்தப் பதினொரு வீட்டிலும் தங்கள் பெயர் ஏறியது தெரியாது. இன்னும் வரிசையில்தான் இருக்கிறோம் என்று நம்பிப் பக்கத்திலேயே பம்போடு யாராவது இருந்தார்கள், அமுக்கினார்கள். பதினாறாம் நாளுக்குள் எல்லாக் கோபுரமும் புதுப்பித்துவிடும். பிறகுதான் வீட்டுக்குச் செய்தி போகும். அந்த மைப் பலகைதான் பதினொரு பேரைக் காப்பாற்றியிருந்தது.

அன்றிலிருந்து செண்பகவல்லிக்கு ஒரே எண்ணம். அணைந்தபெருமாளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் ஏன் எழுதி வைக்கவில்லை? ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவள் வாய் திறந்திருப்பாளா? குற்றத்தில் பாதியையாவது வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் எட்டாம் நாள் அவரைத் தேடிப் பஸ் ஏறினாள். கண்டக்டர் சீட்டு கேட்டு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அவர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் மகனோடு இருந்தார். விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருந்தது. கதவைத் திறந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் விசிறியைப் போட்டார்.

“சார், ஒரே ஒரு கேள்வி. பதினாறுன்னு ஏன் எழுதுனீங்க?”

“இதுக்கா இம்புட்டு தூரம் வந்தே?”

“கோபுரத்து நகல் பதினாலு நாளு எடுக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே எழுதுனீங்க? சொன்னா ஆபீசுல மதிக்க மாட்டாவ, சாங்கியம்னு சொன்னா மீற மாட்டாவன்னு நெனச்சீங்க. அப்படித்தானே? தெரியும்னு சொல்லுங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தெரியும்னு சொல்லிட்டா உனக்குக் கொஞ்சம் லேசாகும்னா சொல்லிருவேன் தாயி. ஆனா தெரியாது. எங்கம்மைக்கும் மிஷின் வச்சிருந்துது. அவ போன மூணாம் நாளு லீவு இல்லாம வேலைக்கு வந்தேன். அவ எடத்துல ஏறுன வீட்டுக்கு நாந்தான் போன் பண்ணிச் சொல்லணும். சொன்னேன். அந்தப் பொம்பள சந்தோசத்துல சிரிச்சா. பின்னால யாரோ விசிலடிச்சான். அவங்க மேல தப்பில்ல. எனக்குத்தான் தாங்கல. போன வச்சிட்டு அந்தப் பலகைய எழுதுனேன். அவ்வளவுதான். பதினெட்டுன்னு ஒரு வழக்கம் இருந்திருந்தா பதினெட்டுன்னு எழுதியிருப்பேன். மூணுன்னா மூணு.”

“கோபுரம்?”

“அதெல்லாம் பெறவுதானே வந்துது. மொதல்ல ஒரே ஒரு பெரிய ஏரியல். கோபுரம் கட்டுனவனுக்கு எம் பலகையத் தெரியாது. எனக்கு அவன் நகலத் தெரியாது.”

அவள் எழுந்தாள். அவர் காப்பி சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்றாள். படி இறங்கும்போதுதான் உறைத்தது: கோபித்துக்கொள்ளவும் ஆளில்லை.

குழு ஒன்பதாம் நாள் அவளை அழைத்தது. ஒரே நாளில் எல்லாக் கோபுரத்தையும் புதுப்பிக்கலாம், சின்ன வேலைதான் என்று விளக்கினாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கோபுரத்து நிரலைத் தொட்டால் மறுபடி சான்றிதழ், இரண்டு ஆண்டு என்றார். அதுவரை பதினாறு நாள் என்பதையே எழுத்துபூர்வ விதியாக்கிவிடலாம், நல்ல விதி, ஏற்கெனவே பழகியது என்றார். உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். முடக்கிய இடத்தை எப்போது திறப்பீர்கள், பட்டியலில் அடுத்து ஒரு பள்ளி ஆசிரியை காத்திருக்கிறாரே என்று அவள் கேட்டாள். அறிக்கை வந்த பிறகு என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் முற்பகல், பூரணம் பதினாறுக்கான சாமான் பட்டியலோடு கடைக்குப் போயிருந்தாள். செண்பகவல்லி பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்து மேசையில் வைத்தாள். சீட்டில் நோயாளியின் பெயர் எழுத இடம் விட்டிருந்தது. பேனா தேடினாள்.

மின்விசிறி ஒரு முறை தயங்கிச் சுழன்றது. ஊரெங்கும் மின்சாரம் இமைத்திருக்க வேண்டும்.

டப்பாவுக்குள் ஏதோ தட்டியது.

அவள் அசையவில்லை. மறுபடி தட்டியது. நாலு வினாடிக்கு ஒன்று. மூடியைத் திறந்தாள். மிஷின் பிளாஸ்டிக்கின் மேல் துள்ளித் துள்ளி விழுந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பூனைக்குட்டியின் நெஞ்சைப் போல் இருந்தது.

போன் அடித்தது. “அக்கா,” என்றான் ஜெயசீலன். “இங்க ரீஸ்டார்ட். இருநூத்திப் பன்னெண்டு பச்சையா இருக்கு. எடத்த முடக்கிட்டாங்கள்லா, அண்ணன் நம்பரு அப்படியே இருந்திருக்கு. இதுக்குள்ள எல்லாக் கோபுரமும் புதுப்பிச்சு அத எடுத்துக்கிட்டு போல. இப்ப மிஷின் எங்கக்கா இருக்கு?”

“கையிலதான் இருக்கு.”

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“எத்தன நேரத்துல கண்டுபிடிச்சுது?” என்று அவள் கேட்டாள்.

“ரெண்டு செகண்டு.”

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் தட்டலிலிருந்தே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கையைத் தொடர்ந்தாள். எண்பத்தாறு. கணினிக்கு நினைவு திரும்பி, இறந்தவர் பட்டியலைப் பார்த்து, இந்த எண்ணைக் கைவிட்டிருக்கும். ஆனால் துடிப்பு நிற்கவில்லை. அது இனிக் கணினியின் வேலையல்ல. சொல் வராதபோது மிஷின் தானாகத் தாக்குப்பிடிக்கும் தொண்ணூறு வினாடி அது. மேடையிலும் அவனுக்கு இது இருந்திருக்கும். கைவிடப்பட்டது தெரியாமல், ஒரு மூச்சுக்கு நாலு சொல்லாக, இந்த இருபத்திரண்டு மூச்சும் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பான்.

பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. செண்பகவல்லி கையை இன்னும் இறுக்கினாள்.